மேலிருந்து இறங்கும் நீர்: பழைய கிராண்ட் பேங்க்ஸ் 42 குறித்த ஒரு மதிப்பீடு

கிராண்ட் பேங்க்ஸ் 42 என்னும் இயந்திரப் படகு ‘டிராலர்’ என்ற வகையில் சேர்க்கப்படுகிறது. தமிழகக் கரையில் அச்சொல் இழுவலை விசைப்படகையே குறிக்கும். உயர்ந்த அணியமும் நிமிர்ந்த சுக்கான் அறையும் சிறு பாய்மரமும் அந்தச் சாயலைத் தந்தாலும், மீன் கொட்டப்பட வேண்டிய இடத்தில் இதற்குப் படுக்கையறை இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள மீன்வளம் மிக்க கடற்திட்டுகளின் பெயரைத் தாங்கியிருப்பினும், இது கரையோரமாக மெதுவாகச் சென்று, இரவில் ஏதேனும் ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டு உறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

ராபர்ட் நியூட்டன் ஹாங்காங்கில் நிறுவிய அமெரிக்கன் மரீன் நிறுவனம், கென்னத் ஸ்மித் வரைந்த 36 அடிப் படகை 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்து, அதன் வெற்றியைத் தொடர்ந்து 42 அடிப் படகையும் கட்டியது. அதே பத்தாண்டின் இறுதியில் சிங்கப்பூரிலும் பட்டறை அமைத்தது. 1973 வரை பலகையால் கட்டப்பட்ட படகுகள், அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து கண்ணாடியிழைக்கு மாறின. பலகைப் படகு வாங்குவோருக்குத் தச்சரின் துணை ஆண்டுதோறும் தேவைப்படும் என்பதால், இம்மதிப்பீடு கண்ணாடியிழைப் படகுகளை மட்டுமே கருத்தில் கொள்கிறது.

இப்படகு பெரிதும் விரும்பப்படும் இடங்களில் ஒன்று, சியாட்டில் நகரை ஒட்டிய பியூஜெட் சவுண்டில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் கரை வழியாக வடக்கே அலாஸ்கா வரை நீளும், தீவுகளால் காக்கப்பட்ட கடல்வழியாகும். அங்கே நீர் குளிர்ந்தது, மழை மிகுந்தது, காட்டுத்தொழிலிலிருந்து நழுவிய மரக்கட்டைகள் பாதி மூழ்கி மிதப்பவை. ஆகவே கீழ்த்தளத்திலேயே சுக்கான் அறை அமைந்திருப்பதும், அதன் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஓட்டுபவர் நேரே தளத்துக்கு வந்து கயிற்றைக் கையில் எடுக்க முடிவதும் அங்கே பெரிய வசதிகள். சுற்றிலும் அகன்ற நடைபாதை, உயர்ந்த கைப்பிடிக் கம்பி, அணியத்தில் விருந்தினர் அறை, பின்புறத்தில் உரிமையாளர் அறை, நடுவில் தேக்கு மணக்கும் கூடமும் சமையலிடமும் என இருவர் ஒரு மாதம் முகம் சுளிக்காமல் வாழ்வதற்கான இடம் 13 அடி 7 அங்குல அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது.

வேகத்தை எதிர்பார்ப்பவர் இதை நாட வேண்டியதில்லை. நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகின் இயல்பான வேக எல்லையை, நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கிக் கணிப்பது வழக்கம். 40 அடி நீர்க்கோட்டுக்கு அது ஏறத்தாழ 8.5 நாட், அதாவது மணிக்கு 8.5 கடல் மைல் ஆகிறது. 120 குதிரைத்திறன் கொண்ட லேமன் டீசல் எஞ்சின்கள் இரண்டு பூட்டிய படகு ஏழு, ஏழரை நாட்டில் செல்லும்போது மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 19 லிட்டர் குடிக்கும். தொட்டிகள் சுமார் 2,270 லிட்டர் கொள்வதால் எரிபொருள் நிலையம் தேடி அலைய நேராது. ஆனால் வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் இடைப்பட்ட சீமோர் நீரிணையில், வற்றுப்பெருக்கு நீரோட்டம் 15 நாட் வரை பாயக்கூடும். அங்கிருந்த ரிப்பிள் பாறை 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டாலும் ஓட்டம் தணியவில்லை. எனவே அந்த ஓட்டம் நின்று திரும்பும் சில நிமிடங்களுக்காக இப்படகு காத்துக்கிடக்க வேண்டியதே. தீவுகளின் காப்பு விலகி, குயின் சார்லட் சவுண்டில் பெருங்கடலின் நீண்ட அலை பக்கவாட்டில் தாக்கும்போது படகு நன்றாகவே உருளும். நீருக்கடியில் துடுப்புபோல் அசைந்து உருளலை அடக்கும் நிலைப்படுத்திகள் பொருத்தியதற்கு அதிக விலை கேட்டால், கொடுக்கலாம்.

வாங்க வருபவர் பொதுவாக அஞ்சுவது எஞ்சினைப் பற்றித்தான். அந்த அச்சம் பெரும்பாலும் இடம் மாறியது. லேமன் என்பது, பிரிட்டனில் ஃபோர்டு தயாரித்த தொழில்துறை டீசல் எஞ்சினைக் கடல்நீருக்கேற்ப மாற்றியமைத்த வடிவம். ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர், அவசரமில்லாத இயல்பு. எரிபொருளைச் செலுத்தும் சிம்ஸ் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு என்பதையும், அதை 50 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் விற்பவர் கேட்காமலே சொன்னால், பராமரிப்பைப் பற்றி அதுவே நல்ல அறிகுறி. கடல்நீர் ஓடும் எண்ணெய்க் குளிர்விப்பான் உள்ளே அரித்துவிட்டால் உப்புநீர் கியர்பெட்டிக்குள் புகும் என்பதால், அதன் வயதையும் கேட்டறிய வேண்டும். சோதனை ஓட்டத்தில் முழு விசையில் 2,500 சுற்றை எஞ்சின் எட்டாவிடில், உந்துவிசிறியின் அளவோ, அடிப்பகுதியில் ஒட்டிய பாசியோ, எஞ்சினின் தளர்ச்சியோ காரணமாக இருக்கும்.

இப்படகை உண்மையில் கெடுப்பது அதைத் தாங்கும் கடலைவிட, அதன்மேல் பெய்யும் மழையே. கண்ணாடியிழைத் தளத்தின்மேல் தேக்குப் பட்டைகள் நூற்றுக்கணக்கான திருகாணிகளால் இறுக்கப்பட்டு, ஒவ்வொரு திருகாணியின் தலையும் சிறு தேக்குத் தக்கையால் மூடப்பட்டு, இடைவெளிகளில் கறுப்பு ரப்பர்க் கலவை நிரப்பப்பட்டிருக்கும். அழுக்கைப் போக்கவென்று ஆண்டுக்கணக்கில் முரட்டுத் தூரிகையால் தேய்க்கப்பட்ட தேக்கு மெலியும், தக்கை எழும்பும், கலவை விளிம்பில் பிரியும், பிறகு ஒவ்வொரு திருகாணித் துளையும் நீர் இறங்கும் குழாயாகிவிடும். ஆய்வாளர் சிறு சுத்தியால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடக்கையில் ‘டக், டக்’ என்று கணீரென ஒலித்துவந்த ஓசை, ஓரிடத்தில் ஈர அட்டையைத் தட்டியதுபோல் மங்கினால், அடியிலுள்ள உட்கருப் பலகை ஊறிவிட்டது என்று பொருள்.

அந்த நீர் அங்கேயே நிற்பதில்லை. டீசல் ஊற்றும் வாயின் மூடி நடைபாதைத் தளத்திலேயே இருக்க, அதன் விளிம்பில் கசிவது நேர்கீழே இருக்கும் எஃகுத் தொட்டியின் தலையில் தேங்கி, தொட்டியை மேலிருந்து கீழாக அரிக்கிறது. எஞ்சின் அறையின் தரைப்பலகையைத் தூக்கி உள்ளே இறங்கி, எஞ்சினுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட சந்தில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால், வெள்ளை வண்ணத்தின்மேல் பழுப்பு நிறத்தில் ஒழுகிய தாரை தெரியும். பழைய தொட்டியை முழுதாக வெளியே எடுப்பது அரிது. துண்டுதுண்டாக அறுக்கவோ எஞ்சினையே அகற்றவோ நேரலாம். ஆகவே தேக்கை உரித்துவிட்டுத் தளத்தை வழவழப்பாகப் பூசி, தொட்டிகளையும் மாற்றி, அதற்கான ரசீதுகளை வைத்திருக்கும் படகு, பொன்னிறத் தேக்கு மின்னும் படகைவிடக் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றினாலும் கூடுதல் விலை பெறும்.

நல்ல வெயில் நாளில் படகைக் காட்ட விற்பவர் விரும்புவது இயல்பு. இரவு முழுதும் மழை பெய்த மறுநாள் காலையில், விற்பவர் துடைத்து முடிப்பதற்குள் சென்று, கூடத்தின் நகரும் சன்னல்களுக்குக் கீழேயுள்ள அலமாரிகளைத் திறந்து, மூலையில் டார்ச் அடித்து, தேக்கு மேல்தகட்டின் அடியோரத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.