நடையும் நம்மவரும்

இலக்கியப் பகுதியிலே காற்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக் கூடும். கேட்பது நியாயமே. ஆனால் ஒரு செய்யுளைப் பற்றி நம்மவர் நால்வர் கூடி மனமார வாதிட்டு எத்தனை காலமாயிற்று என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில், சிங்கப்பூர்த் தேசியக் குழுவில் இன்னாரைச் சேர்த்தது சரியா, இன்னாரை விட்டது தகுமா என்பது குறித்துத் தேக்காவின் காப்பிக்கடை மேசைகளில் நடக்கும் வாதத்தையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பழைய ஆட்டங்களை மேற்கோள் காட்டுகிறார்கள், ஒருவரோடொருவரை ஒப்பிடுகிறார்கள், கோபிக்கிறார்கள், பாரபட்சமும் காட்டுகிறார்கள். விமர்சனம் என்கின்ற கலைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கே இருக்கின்றது. ஆகவே அந்த விமர்சனத்தையே விமர்சிப்பது இப்பகுதிக்குப் புறம்பான வேலையன்று என்றே கருதுகிறோம்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதின. இந்தியக் குழுவில் ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேரே எஞ்சியிருந்தனர். அப்படியிருந்தும் ஆட்டம் முடியுந் தறுவாயில் இந்தியா ஒரு கோல் போட்டு 1-1 என்று சமன் செய்துவிட்டது. மறு ஆட்டம் 14ஆம் தேதி கோவாவில். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் தேக்காவில் இருந்தோம். தீபாவளிக்கு எட்டு நாளே இருந்தபடியால் சிராங்கூன் சாலை நெடுகிலும் விளக்கலங்காரம். விடுமுறை நாளாகையால் தொழிலாளத் தோழர்கள் கூட்டம்.

பக்கத்து மேசையில், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்து கட்டட வேலையிலிருக்கும் ஓர் இளைஞர், இங்கேயே பிறந்து டாக்சி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவரைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, நீங்களும் தமிழாளு. இந்தியா கோல் போட்டப்ப உங்களுக்குச் சந்தோசமா இல்லையா?"

பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, நான் ஜாலான் புசார்ல காசில்லாமச் சுவரேறிக் குதிச்சு ஆட்டம் பாத்தவன். எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு."

இளைஞர் விடவில்லை. "அப்ப உங்க குழுவுல தமிழாளு எத்தனை பேரு? சொல்லுங்க பாப்போம்."

பெரியவர் விரல் மடக்கத் தொடங்கினார். எழுபதுகளில் மூலையிலிருந்து பந்தை வாழைப்பழம்போல் வளைத்தடித்த ராஜகோபால், பிறகு சுந்தரமூர்த்தி, ஹனோயில் கோல் போட்ட சசிகுமார், சுப்பிரமணி. நான்காவது விரலோடு நின்றுபோனார். சொன்ன பெயர்கள் யாவும் பழைய பெயர்கள் என்பது அவருக்கே உறைத்ததாகத் தோன்றிற்று. இளைஞர் வெற்றி பெற்றதாக எண்ணிச் சிரித்தார்.

உண்மையில் அவர் வெற்றி பெறவில்லை என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் அக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாய்க் கட்டப்பட்டிருக்கின்றன. "நம்ம ஆள் இருக்கிறானா" என்பது ஒன்று. "நம்ம பிள்ளைகள் அவ்விடத்திற்கு ஏன் வந்து சேரவில்லை" என்பது மற்றொன்று. முன்னது வெறும் குலப் பெருமை. பின்னது நியாயம் கேட்பது. நம்மவர் முன்னதைப் பின்னதன் உடை உடுத்திக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பிறப்பைக் கொண்டு ஒருவனது யோக்கியதையை அளக்கலாகாது என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, காற்பந்துத் திடலுக்கு வந்தவுடன் அதே அளவுகோலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இரண்டாம் நாள் கழித்து நடந்தது என்ன? கோவாவில் சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் போட்டவர் சோங் உய்-யோங். தென்கொரியாவில் பிறந்தவர்; பதின்ம வயதிலேயே சிங்கப்பூர் வந்து, ஹோம் யுனைட்டெட் கழகத்தில் ஆடி வளர்ந்து, 2021இல் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். சுவரேறிக் குதித்த தமிழருக்கு அன்று "நம்மவர்" ஆனவர் அந்தக் கொரிய மகன்தான். இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கின்றது?

நிற்க, இவ்விஷயத்தின் பூர்வ வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். பிறநாட்டு விளையாட்டு வீரர்களை வரவழைத்துக் குடிமக்களாக்கும் திட்டம் சிங்கப்பூரில் 1993இல் தொடங்கியது. பல இனத்தவர் கலந்த பிரெஞ்சுக் குழு உலகக் கிண்ணத்தை வென்ற 1998ஆம் ஆண்டில், 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் செல்ல வேண்டும் என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் 2002 முதல் அவ்வழியே வந்தவர்கள் குழுவின் முகத்தை மாற்றினார்கள். 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்காசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் வென்றதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

அவர்களுள் அலெக்சாண்டர் ஜூரிச் என்பாரின் கதை, எழுத்தாளன் கட்டினால் நம்பத்தகாதது என்று நாமே தள்ளிவிடக் கூடியது. பொஸ்னியாவில் பிறந்தவர். 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் அந்நாட்டின் சார்பில் படகு வலித்தவர். சிங்கப்பூருக்கு வந்து கழகக் காற்பந்து ஆடி, 2007இல் குடியுரிமை பெற்று, அவ்வாண்டு நவம்பரில் தமது 37ஆம் வயதில் தேசியக் குழுவுக்கு முதன்முதல் ஆடினார். தாஜிகிஸ்தானுக்கு எதிரான அவ்வாட்டத்தில் சிங்கப்பூர் போட்ட இரண்டு கோல்களும் அவருடையவை. இங்கிலாந்தில் பிறந்து இங்கே வளர்ந்த டேனியல் பென்னட் 142 முறை இந்நாட்டுக்காக ஆடியவர். இவர்களை "வெளியார்" என்று சொல்பவர், தம் பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலிலிருந்து இறங்கினார் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் ரசிகர்களின் ஆட்சேபணை முழுவதும் வீண் என்று தள்ளிவிட நாம் சம்மதியோம். அதில் ஓர் உண்மையான வலி இருக்கின்றது. இந்நாட்டில் பிறந்த ஆண்பிள்ளை பதினெட்டாம் வயதையொட்டி இரண்டாண்டு தேசிய சேவைக்குச் செல்ல வேண்டும். ஆட்டக்காரனுக்கு உடலும் அறிவும் ஒன்றாய்ப் பழுக்கின்ற பருவமல்லவா அது? 2018இல், இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஓர் இளைஞர் தமது சேவையைத் தள்ளிவைக்கக் கேட்டபோது மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பது அரசாங்கத்தின் வாதம். சிறிய நாட்டின் பாதுகாப்பை எண்ணினால் அவ்வாதத்தில் பொருளில்லாமலில்லை. எனினும், ஆட்டம் முதிர்ந்த பின் வந்து குடியுரிமை பெற்றவருக்கு அவ்விரண்டாண்டு நஷ்டம் இல்லை. இங்கே பிறந்தவனுக்கு உண்டு. பிறகு பட்டியலில் இருவரையும் அருகருகே நிறுத்தி, "திறமையைத்தான் பார்க்கிறோம்" என்றால், பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வயிறெரியாதா? இந்தக் குறையைச் சொல்லுங்கள்; நாமும் சேர்ந்து சொல்லுவோம். வந்தவர்மீது அதைக் காட்ட வேண்டாம். இந்தியாவிலும் இவ்வாதம் இப்பொழுது தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் அந்நாட்டுக் குடியுரிமையை விட்டு இந்தியக் குடியுரிமை பெற்று 2025 நவம்பரில் இந்தியப் பயிற்சி முகாமில் சேர்ந்தார். புதுக்கோட்டை இளைஞருக்கும் வேலை வந்துவிட்டது.

இனி நடைக்கு வருவோம். தமிழிலே "நடை" என்கின்ற சொல் ஒருவன் நடப்பதையும் குறிக்கும், எழுதுவதையும் குறிக்கும், ஒழுகுவதையும் குறிக்கும். ஆட்டத்தின் போக்குக்கும் இதைவிடப் பொருத்தமான சொல்லை நாமறியோம். சிங்கப்பூர்க் குழுவின் நடை எதுவாயிருக்க வேண்டும் என்பதிலே ரசிகர்கள் சொல்லுவது ஒன்றே: தாக்கி ஆட வேண்டும், கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தானிருக்கின்றது. அவர்களது தீர்ப்புகளை வரிசையாய் வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடுகிறது.

1998 செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோய் நகரில், தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம். எதிரே சொந்த மண்ணில் ஆடும் வியட்நாம். சிங்கப்பூர் பெரும்பாலும் பின்வாங்கித் தடுத்தே ஆடியது. தற்காப்பு ஆட்டக்காரரான சசிகுமாரின் தோளில் பட்டுப் பந்து உள்ளே போயிற்று; 1-0. அந்த ஒரு கோல் சிங்கப்பூருக்கு அக்கிண்ணத்தை முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதை உதைத்ததென்றும் சொல்ல முடியாது, தலையால் முட்டியதென்றும் சொல்ல முடியாது. அழகெங்கே என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இன்றும் பெரியவர்கள் அத்தோளைப் பற்றிக் காவியம்போல் பேசுகிறார்கள்.

2016ஆம் ஆண்டு அதே கிண்ணப் போட்டி, பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. பிலிப்பீன்சோடு 0-0, அதில் சிங்கப்பூர் பத்துப் பேரோடு தாங்கிக்கொண்டது. தாய்லாந்திடம் 0-1. இந்தோனேசியாவோடு முதலில் கோல் போட்டும் 1-2 என்று தோல்வி. முதற்சுற்றோடு வெளியேற்றம். அப்பொழுது எழுந்த கூச்சல், தோற்றதைப் பற்றியன்று. "தற்காப்பு நடை" பற்றியது! ஹனோயில் வீரமாயிருந்த அதே நடை மணிலாவில் கோழைத்தனமாகிவிட்டது. முடிவைப் பார்த்துவிட்டு நடைக்குப் பெயரிடுவதை விமர்சனம் என்று எப்படிச் சொல்லுவது? பரிசு கிடைத்தது என்று கேட்ட பின் புத்தகத்தைப் புகழுகிறவனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் யாது?

சுந்தரமூர்த்தியின் விஷயத்திலே ரசிகர்களின் ஏமாற்றத்திற்கு வேறொரு காரணமும் உண்டு; அது ஓரளவு மன்னிக்கத்தக்கது. ஆட்டக்காரராயிருந்த காலத்தில் அவர் அலங்காரமே உருவானவர். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வரை சென்று ஆடியவர். 1993இல் புரூணைக்கு எதிராக, முதுகு தரையை நோக்க, கால்களை ஆகாயத்தில் வீசி அவர் அடித்த கோலைக் கண்டவர்கள் அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் திருப்தியடைவதில்லை. அப்படிப்பட்டவர் பயிற்றுநரானால் பதினொரு சுந்தரமூர்த்திகளை ஆட வைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். தன் கையிலிருந்த பிள்ளைகள் யார், எதிரே நிற்பவர் யார் என்று கணக்குப் பார்த்தவர், தன் பழைய அழகைத் தன் குழுவிடம் கேட்கவில்லை. அது நேர்மை. அவரது குறை வேறிடத்தில் இருந்தது. தடுக்கத் தெரிந்த குழுவுக்கு, தடுத்துப் பறித்த பந்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்தோனேசியாவோடு முன்னிலை பெற்ற பின் அக்குழு ஆடியதில் நடையென்று ஒன்றுமேயில்லை, காத்திருந்தது, அவ்வளவே. தற்காப்பு என்பது ஒரு நடை, காத்திருத்தல் நடையாகாது. இவ்வித்தியாசத்தைச் சொன்னவர்கள் மிகச் சிலர். 2018 ஏப்ரலில் அவர் விலகினார். தமிழர் சிலர் "நம்மவரை விரட்டிவிட்டார்கள்" என்றனர். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது அவருக்குச் செய்த மரியாதை என்று நாம் நினைக்கவில்லை.

2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் பின்தங்கியிருந்து 2-1 என்று வென்று, சிங்கப்பூர் 2027ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. 1984இல் போட்டியை நடத்தும் நாடென்ற முறையில் இடங் கிடைத்ததேயன்றி, ஆடித் தகுதி பெற்றது இதுவே முதன்முறை. அப்பொழுது பயிற்றுநராயிருந்த கெவின் லீ இந்நாட்டவர். பேர்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவரல்லர். அடித்த இருவரும் உள்ளூர்ப் பிள்ளைகள், ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும். கோவாவில் அடித்தவர் கொரியாவில் பிறந்தவர். உள்ளூரா வெளியூரா, அலங்காரமா தற்காப்பா என்று கட்சி கட்டியிருந்தவர்கள் எல்லோரும் தத்தம் கட்சியே வென்றதாக மறுநாள் பேசிக்கொண்டார்கள். கேட்கச் சிரிப்பாயிருந்தது, சந்தோஷமாயுமிருந்தது.

பெரியவரின் நான்கு விரல்களை மட்டும் நம்மால் மறக்க முடியவில்லை. தேக்காவிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஃபேரர் பார்க் திடல். குதிரைப் பந்தயம் நடந்த இடம் அது. பிறகு தலைமுறை தலைமுறையாக இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பந்துதைத்துப் பழகிய இடம். அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. வீடு வேண்டாமென்று எவரும் சொல்ல முடியாது. புதிய விளையாட்டு வசதிகளும் உடன் அமையும் என்றே சொல்லப்பட்டது. ஆனால், பணங்கட்டாமல், பெயர் பதியாமல், செருப்பைக் கழற்றிக் கோல் கம்பமாய் நட்டு ஆடுகின்ற வெற்றுத்திடல் வேறு. நேரங் குறித்து வாடகைக்கு விடுகின்ற வசதி வேறு. பட்டியலில் எத்தனை தமிழர் என்று இன்று எண்ணுகின்றவர்கள், அந்தத் திடலைப் பற்றி அன்றைக்கு அதே மேசையில் எத்தனை மாலை வாதிட்டார்கள்? நாமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பேச்செல்லாம் ஒரு பயிற்றுநரை மாற்றுவதைப் பற்றியே நடந்ததாக ஞாபகம்.