சே எழுதிய போஸ்ட்மார்ட்டம்

எங்கள் வேலையில் நடுராத்திரி சர்வர் விழுந்தால் மறுநாள் போஸ்ட்மார்ட்டம் எழுதியாக வேண்டும். எது உடைந்தது, எப்போது தெரிந்தது, நாம் எதைக் கவனிக்காமல் விட்டோம். பத்து வருஷமாக இதையே எழுதியும் வாசித்தும், யார் பூசி மெழுகுகிறார்கள் என்பது இரண்டு பத்தியிலேயே பிடிபட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடுதான் சே குவேராவின் காங்கோ நினைவுக்குறிப்புகளை எடுத்தேன். காலேஜில் நானும் டீஷர்ட் சேதான். கோர்தா 1960-ல் எடுத்த அந்தப் படம் ஹாஸ்டல் சுவரில் இருந்தது, அவர் எழுதியதில் ஒரு பக்கம் வாசித்ததில்லை.

1965 ஏப்ரலில் டாங்கனிக்கா ஏரியைக் கடந்து காங்கோவுக்குள் போகிறார். உடன் சேர்ந்தவர்கள் நூற்றுச்சொச்சம் கியூபர்கள். ஏழே மாதத்தில் அதே ஏரி வழியாகத் திரும்பி, தார் எஸ் சலாமில் கியூபத் தூதரகத்துக்குள் மறைந்திருந்து எழுதிய புத்தகம் இது. தோல்வியின் கதை என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்கிறார். போர்முனைப் பக்கம் தலைகாட்டாத கபிலா மேல் கோபம் இருக்கிறது (அந்தக் கபிலா 1997-ல் நாட்டுக்கே ஜனாதிபதியானார் என்பது தனிக்கதை). காங்கோ வீரர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வாத்தியாரின் எரிச்சல் எட்டிப்பார்க்கிறது. எனக்கு அது உறுத்தியது. ஆனால் முடிவில் தன்னையே விசாரிக்கிறார் பாருங்கள், அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சு தெரிந்ததால் தலைவர்களோடு பேச முடிந்தது. அதனாலேயே சுவாஹிலியை ஒழுங்காகப் படிக்கவில்லை, சாதாரண வீரனிடம் போய்ச் சேரவில்லை. ஒரு தலைவர் தன்னைப் பற்றி இப்படி எழுதி நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

சரி, ஃபிக்ஸ் என்ன ஆச்சு?

1966 நவம்பரில் பொலிவியா. இந்த முறை மொழி வகுப்பு நடக்கிறது, கெச்சுவா. முகாம் இருந்த ஆற்றுப் பகுதியின் பழங்குடிகள் பேசியதோ குவாரனி. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. 1953-லேயே நிலச் சீர்திருத்தம் பார்த்த நாடு அது. யாருக்காகத் துப்பாக்கி தூக்கினார்களோ, அவர்களிலிருந்து ஒருவரும் வந்து சேரவில்லை. மாதக் கடைசித் தொகுப்புகளில் இதைத் திரும்பத் திரும்பக் குறிக்கிறார். எர்ரர் லாகில் தெளிவாக இருக்கிறது. பார்க்கிறார், பதிகிறார், மேலே நடக்கிறார். சரியான காரணத்தை எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1959-ல் லா கபானா கோட்டையில் மரண தண்டனைகள் அவர் பொறுப்பில் நடந்தன. 1964 டிசம்பரில் ஐ.நா. சபையில் அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, இனியும் தொடரும் என்றார். காங்கோவுக்காகத் தன்னைக் கூண்டில் ஏற்றியவர் இதற்காக ஏற்றவில்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

டைரியின் கடைசிப் பதிவு 1967 அக்டோபர் 7. ஆடு மேய்க்கும் ஒரு கிழவி இவர்கள் பதுங்கியிருந்த பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுகிறாள். சிப்பாய்களைப் பற்றிக் கேட்டுப் பார்த்தும் உருப்படியான தகவல் எதுவும் கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஐம்பது பெசோ கொடுக்கிறார்கள். சொல்லாமல் இருப்பாள் என்ற நம்பிக்கை தனக்குப் பெரிதாக இல்லை என்பதையும் சே எழுதிவைக்கிறார்.