ஆதம் சிமித்தும் வணிகர் கூறும் ஆலோசனையும்

1776ஆம் ஆண்டு வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' படிக்கப்படுவதினும் மிகுதியாக எடுத்தாளப்படும் நூல்களுள் ஒன்று. அரசு வணிகத்தில் தலையிடலாகாது என வாதிப்போர் அதன் ஆசிரியர் ஆதம் சிமித்தையே சான்றாக அழைப்பர். 'கட்புலனாகாக் கை' என்னும் தொடரே நூலின் சாரம் எனக் கொள்வாரும் பலர். அத்தொடரோ அப்பெருநூலில் ஒரேயொரு முறைதான் வருகின்றது. வணிகரும் உற்பத்தியாளரும் தம் நலனை நாட்டின் நலனாகக் காட்டிச் சட்டங்களைப் பெற்றுக்கொள்ளும் வகைதான் நூலிற் பல இடங்களில் விரித்து ஆராயப்படுகின்றது.

முதற் புத்தகத்தின் இறுதியில், நிலவாரத்தால் வாழ்வோர், கூலியால் வாழ்வோர், இலாபத்தால் வாழ்வோர் என மக்களை மூவகையினராக வகுக்கின்றார் சிமித்து. முன்னிருவர் நலன் பொதுநலனோடு இயைவது. மூன்றாமவர் நலன் அவ்வாறன்று. போட்டி சுருங்குந்தோறும் அவர்க்கு ஆதாயம் பெருகும். ஆதலின் அவரிடமிருந்து வரும் சட்ட யோசனையை நெடிது ஆராய்ந்து, ஐயத்தோடு நோக்கிய பின்னரே ஏற்றல் வேண்டும் என்பது அவர் முடிபு. வணிகர் தீயோர் என்பதன்று இங்குள்ள வாதம். வணிகர் தம் நலனை நன்கறிவர். நிலவுடைமையாளர் தம் நலனையும் செவ்வனே அறியார். அறிவிலுள்ள இவ்வேற்றுமையே சட்டமன்றத்தில் அதிகாரமாக மாறுகின்றது. இந்நுட்பத்தைச் சிமித்தின் பெயரை உச்சரிப்போருட் பலர் கண்டிலர்.

அவர் கண்முன் நின்ற பெருஞ் சான்று கிழக்கிந்தியக் கம்பனி. 1765இல் வங்காளத்தின் வரி அறவிடும் உரிமையை அது பெற்றது. 1767 முதல் ஆண்டுக்கு 4 இலட்சம் பவுண் பிரித்தானிய அரசுக்குச் செலுத்த உடன்பட்டது. அன்றே அரசு கம்பனியின் பங்காளியாயிற்று எனலாம். 1772இல் கம்பனி நொடிக்கும் நிலையுற்றபோது, அடுத்த ஆண்டில் 14 இலட்சம் பவுண் கடன் கொடுத்து அதனைத் தாங்கியதும், அதன் தேயிலை அமெரிக்காவில் விலைப்படத் தனிச்சட்டம் செய்ததும் அதே அரசுதான். அத்தேயிலை பொஸ்ரன் துறைமுகத்திற் கடலில் எறியப்பட்ட கதையை மாணவர் அறிவர். வணிகரே அரசரானால் விளைவது யாது என்பதற்குச் சிமித்து தரும் எடுத்துக்காட்டு நெஞ்சைத் தொடுவது. கம்பனி அலுவலர் தம் கையிலுள்ள அபினிக்கு விலையேற்றுவதற்காக, விளைந்து நின்ற அபினிப் பயிரை உழுதழித்து நெல் விதைக்கும்படி குடியானவனைப் பணித்தனராம். பஞ்சம் வருமென்பது அவர் கூறிய சாட்டு. அபினி விற்று ஆதாயம் பெறலாம் எனக் கண்டவிடத்து நெல்வயல் அபினி வயலாயிற்று. 1784இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இக்கண்டனத்தை அவர் மேலும் விரித்தெழுதினார். அவர் மறைந்து ஆறாண்டுகளின் பின், 1796இல், இதே கம்பனி இலங்கைக் கரையோரத்தைப் பிடித்துச் சென்னை அலுவலரைக் கொண்டு வரி அறவிட்டது. மறு ஆண்டே கலகம் மூண்டது.

வங்கிகளைப் பற்றிய இயல் இன்னும் கருத்தூன்றிப் படித்தற்குரியது. 1769இல் தொடங்கிய ஏயர் வங்கி 1772இல் வீழ்ந்தது. சிமித்தின் பழைய மாணாக்கரான பக்ளூப் பிரபு அதன் பெரும் பங்காளருள் ஒருவர். அவ்வங்கியின் பெயர் கூறாமலே அதன் பிழைகளை நூலில் விளக்குகின்றார் சிமித்து. சிறுதொகை நோட்டுகளைத் தடுத்தல் வேண்டும் என்றும், அஃது இயற்கை உரிமையில் தலையிடுவதாயினும், தீ பரவாமற் காக்க வீடுகளுக்கிடையே சுவரெழுப்பச் சட்டம் செய்வது போன்றதே என்றும் அவர் வாதிக்கின்றார். 1933இல் அமெரிக்கா வைப்புவங்கிக்கும் பங்குவணிகத்துக்கும் இடையே எழுப்பியதும் அத்தகைய சுவரே. 1998இல் சிற்றிக்கோர்ப் வங்கியும் திறாவலர்ஸ் காப்புறுதி நிறுவனமும் இணைந்தன. அன்றிருந்த சட்டம் அவ்விணைப்பு முழுமையாக நிலைப்பதற்கு இடந்தராது, சில ஆண்டுத் தவணையே தந்தது. தவணை முடியுமுன், 1999 நவம்பரில், சட்டமே மாற்றப்பட்டது. 2008இல் அந்நாட்டு நிதியமைப்பைத் தாங்க 70,000 கோடி டொலருக்கு அனுமதி வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அவ்வீழ்ச்சிக்குக் காரணமெனல் மிகை. ஆயினும் சுவரை இடித்தற்குச் சிமித்தைத் துணைக்கழைத்தல் அவர் எழுதியதைப் படியாதார் செயலே.

நூலின் குறையும் இங்கேதான் உளது. ஐயுற வேண்டும் என்று கூறிய ஆசிரியர், ஐயுறுவோர் யாவர் என்பதைக் கூறிற்றிலர். வணிகக் கூட்டத்தார் சட்டமன்றத்தையே அச்சுறுத்தும் வலிமை பெற்றுவிட்டனர் என அவரே வருந்துகின்றார், பரிகாரம் கூறவில்லை. இங்கிலாந்து வங்கி 1694இல் அரசுக்கு நூற்றுக்கு எட்டு வட்டியில் 12 இலட்சம் பவுண் கடன் கொடுத்தே உரிமைப்பத்திரம் பெற்றது. அவ்வரலாற்றையும், பின்னர் அரசின் கடன் ஏறிய வகையையும் தொகை தொகையாக எடுத்துரைக்கும் சிமித்து, கடன்பட்ட திறைசேரி கடன் கொடுத்தோரின் ஆலோசனையை எவ்வாறு ஐயுறும் என வினவவில்லை. அவ்வங்கியை அரசின் பெரும் பொறியாக மதித்து அப்பாற் செல்கின்றார்.

1778இல் சிமித்தே எடின்பரோவில் சுங்க ஆணையாளரானார். தாம் கண்டித்த தடைச்சட்டங்களை நிறைவேற்றுவது அவர் கடமையாயிற்று. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் படித்தபோது தம் கழுத்துப்பட்டிகளும் கைக்குட்டைகளும் அதனுள் அடங்குவதைக் கண்டு, அவற்றையெல்லாம் எரித்துவிட்டதாக 1780இல் நண்பரொருவருக்கு எழுதினார்.