பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு லென்ஸ்

நிக்கான் டிஎக்ஸ் கேமரா வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "35 வாங்கிட்டீங்களா?" என்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அடுத்த அரைமணி நேரம் மனிதர் என் பிடியில். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டது கூடக் காதில் விழாமல் இந்த லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இந்தச் சின்னக் கறுப்பு உருளைக்காக எவ்வளவு கேலியையும் தாங்கலாம்.

அதன் முழுப்பெயர் நிக்கான் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் நிக்கோர் 35 மி.மீ. எஃப்/1.8ஜி. வந்தது 2009 தொடக்கத்தில். அப்போது அமெரிக்காவில் அதற்குப் போட்ட விலை 200 டாலருக்கு 5 சென்ட் குறைவு. எடை 200 கிராம். ஜூம் கிடையாது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் கிடையாது, தூரம் காட்டும் அளவுகோல்கூடக் கிடையாது. கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்பார்கள். ஆமாம், இதுக்குத்தான்!

நம் ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மலையும் அருவியும் வருஷத்துக்கு ஒரு சுற்றுலாவோடு சரி. மற்றதெல்லாம் வீட்டுக்குள் எடுத்தவை. தொட்டிலில் குழந்தை, அடுப்படியில் அம்மா, ஊஞ்சலில் தாத்தா, கேக் வெட்டும் கூட்டம். பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு டியூப்லைட், சுவரோரம் பீரோவும் கட்டிலும். நம் வாழ்க்கை நடப்பது அங்கேதான். ஆகவே ஒரு லென்ஸ் நமக்கு உதவுமா என்று பார்க்க இரண்டே கேள்வி போதும் என்பது என் கட்சி. இந்த அறை வெளிச்சம் அதற்குப் போதுமா? இந்த அறை இடம் அதற்குப் போதுமா?

முதலில் வெளிச்சம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 35-இல் நிறுத்தினால், அதன் வாய் ஏறக்குறைய எஃப்/4.5 வரைதான் திறக்கும். குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைக்கும். 8 மில்லிமீட்டர். எஃப்/1.8-இல் அதே கணக்கு 19 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பரப்பளவில் இது ஆறு மடங்குக்கும் மேல். அதாவது கிட் லென்ஸ் 1/20 நொடியில் எடுக்கும் படத்தை, அதே ஐஎஸ்ஓவில் இது 1/125 நொடியில் எடுத்துவிடும். 1/20-இல் கை தட்டும் குழந்தையின் விரல்கள் புகையாகிவிடும். 1/125-இல் ஐந்து விரலும் தனித்தனியாக நிற்கும். ஷட்டர் வேகம் போதும் என்றால் அதே ஆறு மடங்கை ஐஎஸ்ஓவில் செலவழிக்கலாம். 6400-இல் பொரிபொரியாக வந்த முகம் 1000-இல் தோலும் மினுமினுப்புமாகத் தெரியும்.

இதனால் கிடைக்கும் பெரிய விடுதலை, ஃப்ளாஷுக்கு விடைகொடுப்பது. கேமரா தலையில் எழும்பும் அந்தச் சின்ன ஃப்ளாஷ் நெற்றிச் சந்தனத்தையும் வியர்வையையும் ஒரே வெள்ளையாக அடித்துவிடும். பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். அதைவிட மோசம், ஒரு முறை பளிச்சென்று அடித்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், சிரிப்பு போய் 'போட்டோ முகம்' வந்துவிடும். இந்த லென்ஸ் வந்தபிறகு என் பெரியம்மாவை முறுக்குப் பிழிகிறபோது எடுத்தேன். "ஏம்ப்பா, வெளிச்சமே அடிக்கலியே, படம் விழுந்துச்சா?" என்றார். விழுந்தது, எப்படி விழுந்தது தெரியுமா! ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில், அடுப்பு வெளிச்சம் மறு கன்னத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கவனம்.

இப்போது இரண்டாவது கேள்வி, இடம். ஜூம் இல்லாத மலிவான பிரைம் லென்ஸ் என்றதும் கடைக்காரரிலிருந்து கல்லூரிப் பையன் வரை எல்லோரும் சொல்வது 50 மி.மீ. எஃப்/1.8. அருமையான லென்ஸ், சந்தேகமில்லை. ஆனால் டிஎக்ஸ் சென்சார் சிறியது, 1.5 மடங்கு உள்ளே இழுத்துக் காட்டும். அங்கே 50 போய் 75 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். ஒருவரைத் தலை முதல் கால் வரை நெடுக்குவாக்கில் எடுக்க, 50-ஐ மாட்டிக்கொண்டு நீங்கள் 13 அடி தள்ளி நிற்க வேண்டும். பத்தடி அறையில் பதின்மூன்றடிக்கு எங்கே போவது? பால்கனியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். 35-இல் அதே படத்துக்கு ஒன்பது அடி போதும். முதுகு சுவரில் ஒட்டும், ஆனால் படம் அடங்கிவிடும். என் முழுக் காதலும் இந்த நான்கு அடி வித்தியாசத்தில்தான் பிறந்தது.

மார்பளவு உருவப்படம் மட்டுமே எடுக்கிறவர் என்றால் 50 நல்ல தேர்வு. முகம் நெருங்கி வரும், பின்னணி இன்னும் கரையும். வீட்டையும் மனிதர்களையும் சேர்த்து எடுக்க நினைப்பவருக்கு 35. ஸ்டாண்டர்டு லென்ஸ் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சென்சாரின் மூலைவிட்டத்தை ஒட்டிய குவியத்தூரம் இருந்தால் பார்வை இயல்பாக இருக்கும். பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் அந்த மூலைவிட்டம் 43 மி.மீ., டிஎக்ஸில் 28 மி.மீ. 43-க்கு 50 எப்படியோ, 28-க்கு 35 ஏறக்குறைய அப்படி. ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாரே, அந்தக் கோணம் உங்கள் சின்ன நிக்கானில் வேண்டுமென்றால் மாட்ட வேண்டியது 35-ஐத்தான்.

விலை விஷயத்துக்கு வருவோம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். நிக்கானில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. 50 மி.மீ. லென்ஸுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. 1896-இல் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் அமைத்த பிளானர் வழிவந்த சமச்சீரான வடிவமே போதும், ஆறேழு கண்ணாடியில் வேலை முடியும். அதனால்தான் 50 எங்கும் மலிவு. குவியத்தூரம் அந்த இடைவெளிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஒளியைப் பின்னால் தள்ளி விழவைக்கும் சிக்கலான அமைப்பு வேண்டும், கண்ணாடி கூடும், விலையும் கூடும். 35 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் விலை கூடியிருப்பது இதனால்தான். நிக்கான் செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், சின்ன டிஎக்ஸ் சென்சாருக்கு மட்டும் போதுமான ஒளிவட்டத்தை வைத்து, எட்டுக் கண்ணாடியில், அதில் ஒன்றை ஆஸ்ஃபெரிக்கலாக்கி, 50-இன் விலைக்குப் பக்கத்திலேயே இதைக் கொண்டுவந்தது. அந்த விலையில் பின்பக்கம் உலோக மவுன்ட், தூசி புகாமல் ரப்பர் வளையம், கூடவே ஹுட். கேட்டால் தலை சுற்றுகிறதா, இல்லையா?

மோட்டார் விஷயத்தையும் கவனியுங்கள். நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை, கேமராவில் இருக்க வேண்டும். டி3500, டி5600 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஓடுகிற குழந்தையிடம் அது நடக்காது. 35-இல் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சத்தம் போடாமல் ஃபோகஸ் பிடிக்கும். பிடித்தபிறகு வளையத்தைத் திருப்பி நாமும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம், சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை. பெயரில் மட்டும் உஷார்! 2014-இல் ஃபுல் ஃப்ரேமுக்காகவும் ஒரு 35 மி.மீ. எஃப்/1.8ஜி வந்தது, விலை பல மடங்கு. லென்ஸின் மேல் டிஎக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கார்த்திகை தீபத்தன்று மின்விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, அகல்களின் வெளிச்சத்தில் மட்டும் இதை எடுத்துப் பாருங்கள். நான் ஒரு மாலை முழுவதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஒரு அகல் கூர்மையாக நிற்க, பின்னால் வரிசையாக இருக்கும் சுடர்கள் எல்லாம் பொன் வட்டங்களாக மிதக்கின்றன. எண்ணெய் ஊற்ற வரும் கையில் வளையல் மட்டும் பளபளக்கிறது, முகம் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், படம் வந்துவிடுகிறது. மார்கழி விடியலில் கோலம், இரவு நேர டீக்கடையில் ஆற்றும் டீ, மின்சாரம் போன இரவில் மெழுகுவத்தியைச் சுற்றி சீட்டாட்டம் என்று இருட்டைத் தேடிப் போகிற ஆளாகவே என்னை இது மாற்றிவிட்டது.

முழுக்கத் திறந்து எடுப்பதில் ஒரு பாடமும் உண்டு. எஃப்/1.8-இல், ஒரு மீட்டர் தூரத்தில், கூர்மையாகத் தெரியும் ஆழம் 6 சென்டிமீட்டர் அளவுதான். கண்ணில் ஃபோகஸ் நின்றால் காதோரம் ஏற்கெனவே மென்மையாகிவிடும். ஆகவே எங்கே ஃபோகஸ் வேண்டும் என்று கேமராவை முடிவுசெய்ய விடாதீர்கள். நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலிருக்கும் கண்ணில் வையுங்கள். இரண்டு பேர் என்றால் எஃப்/2.8, ஒரு குடும்பமே வரிசையாக நின்றால் எஃப்/4. ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று மெனுவில் பூட்டிவிட்டால், ஏ மோடில் திறப்பை மட்டும் கவனித்தால் போதும். ஜூம் இல்லையே என்ற குறை சீக்கிரமே மறைந்துவிடும். ஒரே கோணம் பழகப் பழக, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எது அடங்கும், எது வெட்டுப்படும் என்று மனசு கோடு போட்டுவிடுகிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் விளிம்பிலோ வெள்ளிக் கொலுசிலோ வெளிச்சம் மின்னினால், ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் லேசாகக் கசியும். எஃப்/2.8-க்கு வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேர்க்கோடுகள் கொஞ்சம் வெளிப்பக்கம் வளையும், மென்பொருளில் ஒரு சொடுக்கில் சரியாகும். 30 சென்டிமீட்டரைவிட நெருங்கிப் போக முடியாது, ஆகவே மோதிரக் கல்லைத் தனியாக எடுக்க இது உதவாது. இந்த விலைக்கு இதையெல்லாம் நான் குறையாகவே எண்ணுவதில்லை. காதல் என்று வந்தபின் கணக்கென்ன!

கேனான் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் 2015-இல் வந்தது, உலோக மவுன்ட்டும் ஏழு இதழ் அப்பெர்ச்சரும் கொண்ட அற்புதம். ஃபுல் ஃப்ரேமில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிறிய க்ராப் சென்சாரில் மட்டும் அது 80 மி.மீ. ஆகிவிடும், அறைக்குள் நெருக்கும். அங்கே 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் உதவும், வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபுஜிக்காரர்களுக்கு எக்ஸ்சி 35 மி.மீ. எஃப்/2 இருக்கிறது. நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் பழைய 35-ஐ எஃப்டிஸெட் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யும். எந்த நிறுவனமானாலும் அளவுகோல் அதேதான், உங்கள் கூடத்தின் நீளம். சந்தேகமிருந்தால் கிட் லென்ஸை 35-இல் வைத்து ஒரு நாள், 50-இல் வைத்து ஒரு நாள் வீட்டுக்குள் எடுத்துப் பாருங்கள். எந்த நாளில் முதுகு அடிக்கடி சுவரில் முட்டியது என்பதே விடை சொல்லிவிடும்.

பழையது வாங்கினாலும் தப்பில்லை, நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. கடலோர ஊர்க்காரர்கள் பூஞ்சையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லென்ஸின் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, எஃப்/1.8-இல் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்து, நான்கு மூலையும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் மழைக்காலமும் பயமில்லை.

புதுக் கேமரா வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பழைய கேமராவில் ஒரு குறையும் இல்லை, அதற்குப் போதிய வெளிச்சம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கேமரா விலையில் ஒரு பங்கு இருந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். தீபாவளித் தள்ளுபடிக்கென்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் வீட்டில் ஒரு பொடிசுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருக்கும், அந்தப் பொக்கைவாய்ச் சிரிப்பை எந்தத் தள்ளுபடியிலும் திரும்ப வாங்க முடியாது.