நூற்றில் எழுபது அரசுடையது, ஆலை யாருடையது?

2023 ஜூனில் அமெரிக்க நிறுவனமான மைக்ரான், குஜராத்தின் சானந்தில் மெமரி சிப்களைச் சோதித்துப் பொதியும் ஆலை ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். மைக்ரான் தன் கையிலிருந்து போடுவது அதிகபட்சம் 82.5 கோடி டாலர்தான். திட்டச் செலவில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டைக் குஜராத் அரசும் ஏற்கின்றன. நூறு ரூபாயில் எழுபது ரூபாய் மக்களின் வரிப்பணம். ஆலை முழுக்க மைக்ரானுடையது. நேரடியாக வேலை பெறுவோர் 5,000 பேர் என்று நிறுவனம் சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு அரசு தரும் தொகை மூன்று கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் கோபம் வருவது இயல்பு. ஆனால் சிப் ஆலையை வேலைக் கணக்கில் மட்டும் அளப்பது முறையல்ல. 2021இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் மாருதி சுசுகியின் ஹரியானா, குஜராத் ஆலைகளில் உற்பத்தி வழக்கமான அளவில் சுமார் 40 விழுக்காடாகச் சரிந்தது. எஞ்சின் இருந்தது, தகடு இருந்தது, ஆள் இருந்தார்கள். சிறு சிப்கள் வந்து சேரவில்லை. முன்பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 76,000 கோடி ரூபாய்க்குக் குறைக்கடத்தித் திட்டத்தை ஒப்புக்கொண்டது.

மானியம் எதற்கு, இறக்குமதி வரியை உயர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வழி அடைபட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1997இல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. அதன்படி சிப்களுக்குச் சுங்கவரி கிடையாது. உள்ளூர் ஆலை முதல் நாளிலிருந்தே தைவானோடும் சீனாவோடும் நேருக்கு நேர் மோத வேண்டும். போட்டி நாடுகள் எல்லாம் பணத்தை அள்ளிக் கொடுக்கின்றன. அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றி உற்பத்திக்கு மட்டும் 3,900 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த நிலையில் அரசுப் பணமே இல்லாமல் ஒரு சிப் ஆலை இந்தியாவில் எழும்பும் என்று நம்ப இடமில்லை. கொடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்தைவிட, எப்படிக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம்.

அந்த ‘எப்படி’யில் இந்தியத் திட்டம் சில இடங்களில் நன்றாகவே செய்திருக்கிறது. பணம் முன்கூட்டியே கைமாறுவதில்லை. நிறுவனம் செலவழிக்கச் செலவழிக்க, அதற்கு இணையாக அரசின் பங்கு விடுவிக்கப்படுகிறது. முதல் சுற்றில் வந்த மூன்று பெரிய விண்ணப்பங்களும் தேறவில்லை. வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் சேர்ந்து குஜராத்தில் 1,950 கோடி டாலர் முதலீடு என்று 2022இல் முழங்கின. தொழில்நுட்பம் தரும் கூட்டாளி அமையாமலேயே காலம் ஓட, 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கான் விலகிக்கொண்டது. மைசூருக்குத் திட்டமிட்ட ஐஎஸ்எம்சியும், தமிழ்நாட்டோடு 25,600 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட சிங்கப்பூரின் ஐஜிஎஸ்எஸ்ஸும் ஆலை எழுப்பும் கட்டத்துக்கு வரவே இல்லை. அன்று இதைத் தோல்வி என்று எழுதினார்கள். சீனாவின் வூஹானில் எச்எஸ்எம்சி என்ற நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அது தோல்வியாகத் தோன்றாது. 2017இல் தொடங்கி, உள்ளூர் அரசின் ஆதரவோடு 12,800 கோடி யுவான் திட்டம் என்று விரிந்த அந்த நிறுவனம், ஒரு சிப்கூட விற்காமல் நான்கே ஆண்டுகளில் இழுத்து மூடப்பட்டது. பசை இல்லாத விண்ணப்பத்துக்குப் பணம் போகாமல் இருந்தது இந்திய முறையின் பலம்.

மென்பொருள் நிறுவனமான ஸோகோ எடுத்த முடிவும் இங்கே பேசப்பட வேண்டியது. 70 கோடி டாலர் மதிப்பில் சிப் தயாரிப்பில் இறங்கத் திட்டமிட்டிருந்த அந்த நிறுவனம் 2025 மே மாதம் அதைக் கைவிட்டது. இவ்வளவு முதல் பிடிக்கும் தொழிலுக்கு அரசு ஆதரவு தேவை, தொழில்நுட்பப் பாதை உறுதியாகத் தெரியாமல் வரி கட்டுவோர் பணத்தை வாங்கக் கூடாது என்பது அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்ன காரணம். மானியம் கேட்டுக் கைநீட்டும் எவரும் முதலில் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

தொழில்நுட்பத் தேர்வும் நிதானமானது. குஜராத்தின் தோலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸ் 91,000 கோடி ரூபாயில் எழுப்பும் ஆலை 28 நானோமீட்டரில் தொடங்கி 110 நானோமீட்டர் வரையிலான சிப்களைச் செய்யும். மாதம் 50,000 வேஃபர் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் வில்லை) அதன் முழுத் திறன். புதிய கைபேசிகளின் மூளையாக இருக்கும் சிப்கள் இவையல்ல. கார், மின்மீட்டர், சலவை இயந்திரம், திரை ஆகியவற்றுக்குள் இருப்பவை. 2021இல் கார் ஆலைகளை முடக்கியதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். பெருமைக்காக மிக நுண்ணிய மூன்று நானோமீட்டருக்கு ஆசைப்படாமல் தேவையைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்ற பத்துத் திட்டங்களில் பெரும்பாலானவை பொதியும் ஆலைகள். அங்கே என்ன நடக்கிறது? வேறெங்கோ செய்த வேஃபர் வந்திறங்கும். சாப்பாட்டுத் தட்டளவு அகன்ற சிலிக்கான் வில்லை. வைரத்துகள் பதித்த சக்கரம் அதைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, நகக்கண்ணைவிடச் சிறிய துண்டுகளாக்கும். ஒவ்வொரு துண்டையும் ஒரு பீடத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியாலோ செப்புக் கம்பியாலோ வெளிக்கால்களோடு இணைப்பார்கள். பிறகு கறுப்புப் பிசினில் பொதிந்து, சூட்டிலும் குளிரிலும் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். தேறியது மட்டும் பெட்டிக்குப் போகும். துல்லியமான, மரியாதைக்குரிய வேலை. ஆயினும் சிப்பின் விலையில் பெரும்பங்கு அதை வடிவமைத்தவருக்கும் வேஃபரைச் செய்தவருக்கும் போய்விடுகிறது.

மலேசியாவுக்கு இது அரை நூற்றாண்டு அனுபவம். இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது 1972இல். இன்று உலகின் சோதனை, பொதிதல் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. வேஃபர் செய்வதற்காக அரசு முதலீட்டு நிறுவனமான கஸானா, கூலிமில் சில்டெரா ஆலையை நடத்திப் பார்த்தது. நட்டம் தொடர்ந்தது, 2021இல் அது கைமாறியது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்திடமிருந்து சிப் வடிவமைப்புகளைப் பெறப் பத்தாண்டுகளில் 25 கோடி டாலர் தர மலேசிய அரசு ஒப்பந்தம் செய்தது. பொதிவதில் தொடங்கினால் மற்றவை தானாகப் பின்னால் வரும் என்ற நம்பிக்கைக்கு மலேசியாவின் வரலாறு ஆதரவாக இல்லை.

இனி குறைகள். முதலாவது, உடைமை. தைவானில் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி 1987இல் பிறந்தபோது அதன் பங்குகளில் ஏறத்தாழ 48 விழுக்காடு அரசின் வளர்ச்சி நிதியிடம் இருந்தது. 27.5 விழுக்காட்டை ஃபிலிப்ஸ் வாங்கியது. அரசு போட்டது மானியம் அல்ல, மூலதனம். ஆலை வென்றபோது நாட்டின் பணமும் வளர்ந்தது. மானியத்தில் தொடங்கிய அமெரிக்காவே 2025 ஆகஸ்டில் இன்டெலுக்குத் தர வேண்டிய தொகையைப் பங்காக மாற்றி, அந்த நிறுவனத்தில் சுமார் பத்து விழுக்காட்டைக் கையில் எடுத்துக்கொண்டது. அது சரியா என்று அங்கே வாதம் நடக்கிறது. இந்தியாவில் அந்தக் கேள்வி போதிய அளவு எழுப்பப்படவே இல்லை. இழப்பில் எழுபது விழுக்காடு பொதுமக்கள் தலையில், ஆதாயத்தில் வரி தவிர ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டை எந்த முதலீட்டாளரும் தன் சொந்தப் பணத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதைத் தோலேரா ஆலைக்குத் தொழில்நுட்பம் தரும் தைவானின் பிஎஸ்எம்சியே காட்டியிருக்கிறது. ஜப்பானின் மியாகியில் அந்நாட்டு நிதி நிறுவனமான எஸ்பிஐ ஹோல்டிங்ஸுடன் சேர்ந்து ஆலை கட்டுவதாக இருந்தது, 2024இல் விலகியது. பத்தாண்டுக்குமேல் தொடர்ந்து உற்பத்தி நடத்த உத்தரவாதம் வேண்டும் என்று ஜப்பானிய மானியம் கேட்டதைத் தன்னால் ஏற்க முடியாது என்றது. தோலேராவில் பிஎஸ்எம்சி தொழில்நுட்பத்தையும் வடிவமைப்பு உதவியையும் கட்டணத்துக்குத் தருகிறது, முதல் போடவில்லை. ஆலையில் தேறும் சிப்களின் விகிதம் குறைந்தால் அந்தச் சுமை டாடாவுக்கும், அதற்குமுன் பாதிக்குமேல் கொடுத்துவிட்ட அரசுகளுக்கும்தான். ஒரு வேஃபரில் எத்தனை சிப் தேறுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். நம் மானியமோ கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவைப் பார்த்து அளக்கப்படுகிறது.

இரண்டாவது குறை இதைவிடக் கவலை தருவது. 76,000 கோடியில் ஆலைகளுக்கு 65,000 கோடி. சிப் வடிவமைப்புக்கு 1,000 கோடி. உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று அரசே சொல்கிறது; பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்காக உழைக்கிறார்கள். அவர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் ஒரு விண்ணப்பத்துக்குச் செலவில் பாதி, அதுவும் 15 கோடி ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். நுண்ணிய சிப் ஒன்றை வடிவமைத்து, மென்பொருள் உரிமம் வாங்கி, வெளிநாட்டு ஆலையில் செய்து பார்த்து, பிழை திருத்தி மறுபடி செய்யும் செலவின் முன் இது சிறிய தொகை. சென்னை ஐஐடியில் சக்தி என்ற நுண்செயலி பல ஆண்டு உழைப்பில் உருவானது. அங்கே முளைத்த மைண்ட்குரோவ் போன்ற இளம் நிறுவனங்கள் சொந்தச் சிப்போடு சந்தைக்கு வரத் துடிக்கின்றன. ஆளும் அறிவும் இருக்கும் இடத்தில் பணம் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் சிப் மானியத்தை உயர்கல்விக்கான ஆண்டு ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பினார். பல ஆண்டுச் செலவை ஓர் ஆண்டுச் செலவோடு வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியல்ல. ஆனால் ஆலைக்குமுன் ஆள்களை வளர்க்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. தைவான் 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கியபோது, கூடவே இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பழக்கியது. டிஎஸ்எம்சி பிறந்தது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து.

மாநிலங்களுக்கு இடையிலான போட்டியும் இந்த முறையின் பக்கவிளைவு. ஒன்றிய அரசின் பாதிக்குமேல் 20 விழுக்காடு கூட்டித்தரக் குஜராத்தால் முடிந்தது. பத்துத் திட்டங்களில் நான்கு அங்கே போயின. மறைமலை நகரில் 1980களிலேயே ஸ்பெல் நிறுவனத்தின் சிப் பொதியும் ஆலையைக் கண்ட தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. மாநிலம் 2025இல் தன் பங்குக்கு 500 கோடி ரூபாயில் தனித் திட்டம் அறிவித்தது. அசாமின் ஜாகிரோடில், 2017இல் நின்றுபோன காகித ஆலையின் நிலத்தில் டாடாவின் 27,000 கோடி ரூபாய் ஆலை எழுவது வரவேற்கத்தக்க விலக்கு.

பெரிய அறிவிப்புகளின் நிழலில் மறக்கப்படுவது பஞ்சாபின் மொகாலி. அரசுக்குச் சொந்தமான குறைக்கடத்தி ஆலை அங்கே 1984இல் 5 மைக்ரோமீட்டர் (5,000 நானோமீட்டர்) நுட்பத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. டிஎஸ்எம்சி அப்போது பிறக்கவே இல்லை. 1989 பிப்ரவரியில் தீ ஆலையை அழித்தது. மீண்டும் எழுப்பப் பல ஆண்டுகள் பிடித்தன, அதற்குள் உலகம் பல படிகள் முன்னேறிவிட்டது. இன்று அது 180 நானோமீட்டரில் நிற்கிறது. ஆனாலும் இஸ்ரோவின் ஏவூர்திகளுக்கான விக்ரம் நுண்செயலி அங்கேதான் செய்யப்படுகிறது; கல்லூரி மாணவர்கள் வரைந்த சிப்களும் அங்கேதான் உருவாகின்றன. 76,000 கோடியில் இந்த ஆலையை நவீனமாக்க 10,000 கோடி ஒதுக்கப்பட்டது. முழுக்க மக்கள் உடைமையாக இருக்கும் ஆலை இது. தேறாத வேஃபரை எடுத்துவைத்து, ஏன் தேறவில்லை என்று மாணவர் கற்றுக்கொள்ள இடம் தரக்கூடிய ஆலையும்கூட. தனியார் ஆலைகளுக்கான ஒப்புதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, மொகாலிக்கான அந்த 10,000 கோடி ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே காத்துக்கிடந்தது.