வெளியேறியவர் சொல்லும் சாட்சி

மார்மன்களின் ஞாயிறு ஆராதனையில் ஒரு விசேஷம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏற்பாடு செய்த பிரசங்கம் கிடையாது. இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் சபையாரில் யாருக்குத் தோன்றுகிறதோ அவர் எழுந்துபோய் மைக்கின் முன் நின்று சாட்சி சொல்லலாம். முதியவர்கள் சொல்வார்கள். தாயார் காதில் ஓத, சின்னக் குழந்தையும் சொல்லும். சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான். இந்தச் சபை மெய்யானது என்று எனக்குத் தெரியும். ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்று எனக்குத் தெரியும். நம்புகிறேன் என்று சொல்வது குறைவு. தெரியும் என்பதுதான் வழக்கு. மற்றக் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்ற சொல்லில் நிற்கும் இடத்தில் இவர்கள் அறிவு என்ற சொல்லில் நிற்கிறார்கள்.

இந்தச் சபையை விட்டு வெளியேறியவர்களின் புத்தகங்களைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அநேகமாக எல்லாமே அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கின்றன. மைக் மாறியிருக்கிறது, கேட்பவர்கள் மாறியிருக்கிறார்கள். சபை பொய் என்று எனக்குத் தெரியும், ஸ்மித் மோசக்காரன் என்று எனக்குத் தெரியும். வாக்கியத்தின் முன்பாதிதான் தலைகீழாகியிருக்கிறதே ஒழிய, ‘தெரியும்’ அப்படியே இருக்கிறது. அழுகை வருகிற இடம்கூட அதே இடம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்தது. அவஸ்தைப்பட்டவன் எழுதுகிறான், அதில் வடிவம் பார்ப்பது என்ன மனுஷத்தனம் என்றார். அவஸ்தை நிஜம்தான். வெளியேறுபவன் இழப்பது ஒரு கொள்கையை மட்டும் அல்ல. வருமானத்தில் பத்தில் ஒன்று, காப்பியும் டீயும் மதுவும் கூடாது என்ற விதி, உடைக்கு அடியில் அணியும் புனித ஆடை, இளமையில் ஊர் ஊராகப் போய்ச் செய்த ஊழியம், ஞாயிறு, உறவு, வேலை கிடைக்க உதவும் அறிமுகங்கள் எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. மார்மன் ஆலயத்துள் நடக்கும் திருமணத்துக்குச் சபை அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே போகலாம். ஆகவே சபையை விட்ட தகப்பன் தன் பெண்ணின் கல்யாணத்தன்று ஆலயத்துக்கு வெளியே காத்திருந்து, முடிந்து வருகிறவர்களோடு போட்டோவுக்கு நிற்க வேண்டியதுதான். முதலில் வெளியே ஒரு சிவில் திருமணம் செய்துகொண்டால் ஆலயச் சடங்குக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இருந்த விதியை 2019-ல்தான் எடுத்தார்கள். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவை. யார் இல்லை என்றது? ஆனால் அனுபவத்தின் கனம் எழுத்தின் கனம் ஆகிவிடாது. இதை நம்மிடையே எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியேறுவதன் சம்பிரதாயத்தையும் பார்க்க வேண்டும். இன்று ஒருவர் கடிதம் எழுதித் தன் பெயரை நீக்கச் சொல்லலாம். நீக்கிவிடுகிறார்கள். நீக்கும்போது, ஞானஸ்நானத்தின் பலன் போகிறது, ஆசாரியத்துவம் போகிறது, ஆலயத்தில் பெற்ற ஆசீர்வாதங்கள் ரத்தாகின்றன என்றும் தெரிவிக்கிறார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் பிணைத்த முத்திரையும் இதில் சேர்த்தி. ‘இதில் ஒன்றையும் நான் ஏற்கவில்லை’ என்று எழுதிப்போட்டவனுக்கு, அவன் ஏற்காதவற்றின் பட்டியல் பதிலாக வருகிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அவனுக்கு ஏதோ ஒரு கணம் சுருக்கென்றிருக்கும். நான் படித்த சுயசரிதைகளில் பெரும்பாலானவை அந்தக் கணத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. விடுதலை என்று ஒரு அத்தியாயத் தலைப்பு வந்துவிடுகிறது. விலக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய கடுமையான சொல்லைச் சபை 2020-ல் கைவிட்டு, உறுப்பினர் தகுதியைத் திரும்பப் பெறுதல் என்று மெதுவாக்கியது. 2018-லிருந்து மார்மன் என்ற பெயரையே வேண்டாம் என்கிறது. ஸ்தாபனங்களுக்குச் சொல்லின் மேல் இருக்கும் கவனம் அவற்றை விட்டு வருகிறவர்களுக்கு இருப்பதில்லை.

இந்த வகை எழுத்து புதிதல்ல. ப்ரிகம் யங்கின் மனைவியரில் ஒருவரான ஆன் எலைசா, 1873-ல் அவர் மீது விவாகரத்து வழக்குப் போட்டு, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிப் புத்தகமும் எழுதினார். கூட்டம் கூடியது. அது மேடைப்பேச்சு. 1979-ல் பெண்களின் சம உரிமைச் சட்டத் திருத்தத்துக்காகக் கிளர்ச்சி செய்ததில் விலக்கப்பட்ட சோனியா ஜான்சன் 1981-ல் எழுதியதில் கோபம் உயிரோடிருக்கிறது, ஆனால் கோபத்துக்கு வெளியே எதையும் அவர் பார்ப்பதில்லை. டாரா வெஸ்டோவரின் ‘எஜுகேட்டட்’ (2018) வேறு ஜாதி. இது மார்மனியத்தைப் பற்றியது அல்ல என்று அவரே முன்குறிப்பில் சொல்லிவிடுகிறார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது கதை அல்ல, அடிக்குறிப்புகள். ஒரு விபத்தைத் தான் நினைவுவைத்திருப்பது ஒரு மாதிரி, சகோதரர்கள் நினைவுவைத்திருப்பது வேறு மாதிரி என்று பக்கத்தின் அடியில் ஒப்புக்கொள்கிறார். சாட்சிக் கூட்டத்தில் இதற்கு இடமில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஃபான் ப்ரோடி இருக்கிறார். வெளியேறிய பிறகு ஒரு எழுத்தாளரின் மூளையில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்க அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். இத்தனைக்கும் அவர் சுயசரிதை எழுதவில்லை.

1915-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் பிறந்தவர். ஹன்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பெரியப்பா டேவிட் மக்கே சபைத் தலைமையில் இருந்தவர், 1951-ல் சபைக்கே தலைவரானவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் சிகாகோவுக்குப் படிக்கப் போய், ஒரு யூதரை மணந்து, ஏழெட்டு வருஷம் உழைத்து, 1945-ல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கைச் சரித்திரத்தை வெளியிட்டார். அடுத்த வருஷம் விலக்கப்பட்டார். விசாரணைக்கு அவர் போகவில்லை. திரும்பச் சேரவும் முயலவில்லை. சபையின் அறிஞர் ஹ்யூ நிப்லி ஒரு துண்டுப் பிரசுரத்தில் கேலியாக மறுப்பு எழுதினார்.

புத்தகத்தின் தலைப்பைக் கவனிக்க வேண்டும். ‘நோ மேன் நோஸ் மை ஹிஸ்டரி’ — என் சரித்திரம் எந்த மனிதனுக்கும் தெரியாது. இது ஸ்மித்தின் வாயிலிருந்தே வந்தது. 1844 ஏப்ரலில் ஒரு சாவுப் பிரசங்கத்தில் சொன்னார். ஜூன் 27-ல் இல்லினாய் மாநிலத்து கார்த்தேஜ் சிறையில் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. ஆயிரக்கணக்கான வாய்கள் மாதாமாதம் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் சபையில் பிறந்த ஒரு பெண், அந்தச் சபையை ஸ்தாபித்தவனே ‘தெரியாது’ என்று சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்துத் தலைப்பாக வைத்திருக்கிறார். இவர் வெளியேறியது 1946-ல் அல்ல, இந்தத் தலைப்பைத் தேர்ந்த நாளில் என்று எனக்குப் படுகிறது.

புத்தகமும் தலைப்புக்குத் தகுதியாகவே பெரும்பாலும் நடக்கிறது. புதையல் தேடிக் கல்லில் குறி பார்த்த கிராமத்துப் பையன் எப்படித் தீர்க்கதரிசியானான்? முதலில் தெரிந்தே சொன்ன கதை எந்த இடத்தில் சொன்னவனையே விழுங்கியது? ப்ரோடிக்கு ஸ்மித்திடம் வெறுப்பில்லை. ஒரு நாவலாசிரியனுக்கு இன்னொரு நாவலாசிரியன் மேல் இருக்கும் பொறாமை கலந்த வியப்பு இருக்கிறது. அதனால்தான் விசுவாசிகளுக்கு அவ்வளவு எரிச்சல். ஸ்மித்தின் மனைவியர் என்று நாற்பத்தெட்டுப் பெயர்களை அவர் பட்டியலிட்டார். 2014-ல் சபை தானே வெளியிட்ட கட்டுரையில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே என்ற மதிப்பீடு வந்தது. அதற்கு அறுபத்தெட்டு வருஷம் முன்பு அவர் விலக்கப்பட்டிருந்தார்.

ஆனால் ஒரு இடத்தில் ப்ரோடி வழுக்குகிறார். அந்த மனைவியருக்கு ஸ்மித் மூலம் பிள்ளைகள் உண்டா என்ற கேள்வி வரும்போது, ஆலிவர் ப்யூவெல் என்பவரின் ஒரு போட்டோவைப் பார்த்து, முகஜாடையைக்கொண்டு, இவன் ஸ்மித்தின் மகனேதான் என்ற முடிவின் பக்கம் பலமாகச் சாய்ந்துவிடுகிறார். போட்டோ! ஒவ்வொரு தேதியையும் நான்கு ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கும் ஆராய்ச்சிக்காரி, முகத்தைப் பார்த்ததும் ‘எனக்குத் தெரியும்’ என்கிறார். 2000-களில் நடந்த மரபணுச் சோதனை அது அப்படியில்லை என்று காட்டிற்று.

அவசரப்பட்டு அவர் முறையையே தள்ளிவிடவும் முடியாது. 1974-ல் தாமஸ் ஜெஃபர்சனைப் பற்றி எழுதியபோது, அவருடைய அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ் அவருக்குப் பிள்ளைகள் பெற்றாள் என்பதை ப்ரோடி எடுத்துக்கொண்டார். சாலியின் மகன் மாடிசன் 1873-ல் ஒஹாயோ பத்திரிகை ஒன்றில் சொன்னதை, அடிமையின் பேச்சு என்று ஒதுக்காமல், ஆவணமாகப் படித்தார். ஜெஃபர்சன் நிபுணர்கள் சிரித்தார்கள். 1998-ல் மரபணு ஆராய்ச்சி அவர் பக்கம் பேசியது. ஆக ஒரே மனம் ஒரே வேகத்தில் இரண்டு தடவை தாவியிருக்கிறது. ஒரு தடவை கால் பதிந்தது, ஒரு தடவை இல்லை. பதிந்த இடத்தில் அவர் ஒரு மனிதனின் வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார். வழுக்கிய இடத்தில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளொளியால் மெய் தெரியவரும் என்று குழந்தையிலிருந்து கற்பிக்கப்பட்ட ஒருவருக்கு, அந்தப் பழக்கம் சபையோடு போய்விடவில்லை. மனோதத்துவம் என்ற புதிய பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. ஸ்மித் புத்தகத்தின் 1971-ஆம் வருஷத்துப் பதிப்பில் அவர் சேர்த்த பின்னுரையில் இந்தப் பெயர் வெளிப்படையாகவே தெரிகிறது.

அவருடைய நூல்களில் நான் உயர்த்திச் சொல்வது ரிச்சர்ட் பர்ட்டனைப் பற்றிய ‘த டெவில் ட்ரைவ்ஸ்’ (1967). பர்ட்டன் நமக்கும் கொஞ்சம் பரிச்சயமானவர்தான். 1847-ல் நோய் விடுப்பில் உதகமண்டலத்துக்கு வந்து, சலித்துப்போய், நான்கு வருஷம் கழித்துக் கோவாவையும் நீலகிரியையும் கிண்டல் செய்து ஒரு புத்தகம் போட்டார். விக்ரமாதித்தன் வேதாளத்தைக்கூட இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். அவரே 1860-ல் சால்ட் லேக் நகருக்குப் போய், மார்மன்களைப் பார்த்து, அதிகம் ஏசாமல் எழுதினார். அந்த நூலை ப்ரோடி 1963-ல் பதிப்பித்தார். அந்த வழியாகத்தான் பர்ட்டனிடம் வந்து சேர்ந்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. சொந்த ஊரை ஒரு அந்நியனின் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு அந்த அந்நியனையே பார்க்கப் புறப்பட்டது போல. பர்ட்டன் இறந்ததும் அவர் மனைவி இசபெல் கையெழுத்துப் பிரதியையும் நாட்குறிப்புகளையும் எரித்துவிட்டார். ப்ரோடியின் முன்னால் இப்போது இருப்பது சாம்பல். முகஜாடை பார்க்க வழியில்லை. தெரியாது என்பதோடு புத்தகம் முழுவதும் வாழ வேண்டிய நிர்ப்பந்தம். அதனாலேயே அந்தப் புத்தகம் மூச்சுவிடுகிறது. கடைசியாக எழுதிய நிக்ஸன் புத்தகத்தில் இந்த மூச்சு இல்லை. நிக்ஸன் பொய் சொன்னார், சிறு வயதிலிருந்தே சொன்னார் என்பதற்கு எல்லாச் சான்றும் முடிவை நோக்கியே நடக்கின்றன. மறுபடி மைக்.

புனைவில் இதைச் சாதித்தவர் ப்ரையன் எவன்ஸன். 1994-ல் வந்த அவர் கதைத் தொகுதியைப் பற்றி ஒரு பெயரில்லாப் புகார் போனதில், சபையின் பல்கலைக்கழகத்தில் பார்த்த ஆசிரிய வேலையை அடுத்த வருஷம் விட்டார். பிறகு தானாகவே கேட்டுச் சபையிலிருந்து விலகினார். ‘த ஓபன் கர்டன்’ (2006) நாவலில் ஒரு மார்மன் பையன், ப்ரிகம் யங்கின் பேரன் 1902-ல் நியூயார்க்கில் செய்த கொலையைப் பற்றிய பழைய செய்திகளில் விழுந்து, தான் யார் என்பதை இழக்கிறான். சபை நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழுவதில்லை. தெரியும் என்று சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை. விசுவாசியும் விரோதியும் ஒருசேர அசௌகரியப்பட வேண்டிய நாவல்.

ப்ரோடிக்குத் திரும்புகிறேன். 1978-ல் கணவர் இறந்தார். 1980-ல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, சிகரெட் பிடிக்காதவர். அந்த டிசம்பரில் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சகோதரரிடம் தனக்கு ஆசீர்வாதம் செய்யச் சொன்னார். சபையில் ஆசாரியத்துவம் பெற்ற ஆண் நோயாளியின் தலையில் கை வைத்து ஜெபிப்பது. சகோதரர் செய்தார். ப்ரோடி திரும்பிவிட்டார் என்ற பேச்சு கிளம்பிவிடும் என்று அவருக்குப் புரிய நேரமாகவில்லை. சில நாட்களில் ஒரு அறிக்கை தயார் செய்தார். ஆசீர்வாதம் கேட்டதைச் சபைக்குத் திரும்பக் கேட்டதாக யாரும் பெரிதுபடுத்தக் கூடாது, அதை எக்காலத்துக்கும் மறுக்கிறேன் என்று.

விசுவாசிகள் முதல் காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியேறியவர்கள் இரண்டாவதை மட்டும். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. அறிக்கை எழுதியது ஸ்மித் புத்தகம் எழுதிய கை, அதில் ஆச்சரியமில்லை. ஆசீர்வாதம் கேட்டது எந்தப் புத்தகத்திலும் பேசாத ஒரு குரல். தலையில் கை வைக்கச் சொன்னபோது அவர் எதையும் தெரியும் என்று சொல்லவில்லை. 1981 ஜனவரி 10-ல் காலமானார். நிக்ஸன் புத்தகம் அதே வருஷம் வெளிவந்தது.