விசைக்கு மேலும் கீழும்

கீபோர்டு பித்துப் பிடித்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் திரையைப் பார்க்கும் முன்பே விசைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். ஸ்பேஸ்பாரின் ஓரத்தை அழுத்தி, லொடலொடக்கிறதா என்று காதைக் கொடுப்பார்கள். சுவிட்சுக்குள் ஒரு துளி கிரீஸ் தடவுவதற்காக அத்தனை சுவிட்சையும் பிரித்து மேசையில் பரப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். எங்கள் வீட்டில் இதற்கு ‘டொக்கு டொக்கு வேலை’ என்று பெயர்.

ஆனால் எங்கள் கூட்டத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கீபோர்டில் இருப்பது இரண்டு கலை. விசைக்குக் கீழே ஸ்பிரிங், சுவிட்ச், சத்தம், விரலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு. விசைக்கு மேலே, எந்த எழுத்து எந்த விரலுக்கு என்கிற பங்கீடு. பணம், நேரம், சண்டை எல்லாவற்றையும் நாங்கள் முதலாவதில்தான் கொட்டுகிறோம். இரண்டாவதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இரண்டாவது கலையில் நான் பார்த்தவற்றுள் ஆக நேர்த்தியான படைப்பு தமிழுக்காகச் செய்யப்பட்டது. அதற்குக் காலணா செலவில்லை.

முதலில் கீழே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎம் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ‘மாடல் எம்’ கீபோர்டைத் தொட்டவர்கள் அதை மறப்பதில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. உள்ளே இரும்புத் தகடு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங். அழுத்த அழுத்த ஸ்பிரிங் நேராகவே சுருங்கிக்கொண்டு வரும். ஒரு கட்டத்தில் அதற்குமேல் தாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் மடியும். மடியும்போது அடியில் உள்ள குட்டிச் சுத்தியலை ஒரு தட்டுத் தட்டும். எழுத்து பதிவாவதும், விரலுக்கு அந்த உடைவு தெரிவதும், காதில் ‘கிளிக்’ கேட்பதும் ஒரே நிகழ்ச்சிதான். மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு கிடையாது. ஒல்லியான தூணின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றினால் அது வளைந்து மடியும் என்று கணிதமேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு வைத்தார். கட்டடப் பொறியாளர்கள் எது நடந்துவிடக் கூடாது என்று அந்தக் கணக்கைப் பார்க்கிறார்களோ, அதையே ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை வேண்டுமென்றே நடக்க வைத்தார். இயந்திரவியலில் இதைவிட அழகான குறும்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று சந்தையை ஆள்வது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் செய்த எம்எக்ஸ் சுவிட்சும் அதன் எண்ணற்ற வாரிசுகளும். காப்புரிமை காலாவதியான பிறகு சீனத் தொழிற்சாலைகள் அதை விதவிதமாகச் செய்து தள்ளுகின்றன. நிறம்தான் சுவிட்சின் வகையைச் சொல்லும். நீலம் சத்தம் போடும். பழுப்பு சத்தமில்லாமல் பாதி வழியில் ஒரு மேட்டைக் காட்டும். சிவப்பு எந்தத் தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். விசை மொத்தம் நான்கு மில்லிமீட்டர் இறங்கும். இரண்டாவது மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அதாவது அடிமட்டம் வரை குத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எல்லாரும் குத்துகிறோம். பழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை: நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே சமரசம் என்று விற்கிறார்கள். எனக்கு அது மணல் ஒட்டிய சிவப்பாகத்தான் படுகிறது. இதைச் சொன்னால் எங்கள் கூட்டத்தில் கைகலப்பு வரும்.

லேப்டாப் விசைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டில் விசை இறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு துகள் தூசி போதும், எழுத்து விழாது, அல்லது இரண்டாக விழும். வழக்கு வரை போய், சில வருஷத்தில் அதை அவர்களே கைவிட்டார்கள். ஒல்லியாக்க வேண்டும் என்ற வெறியில் விரல் என்றொன்று இருப்பது மறந்துபோன கதை அது.

இதற்கு நேர் எதிரே ஜப்பானிலிருந்து 1996-இல் வந்தது ‘ஹேப்பி ஹேக்கிங்’ கீபோர்டு. கணினி அறிவியல் பேராசிரியர் எயிச்சி வாடா வகுத்தது. அறுபதே விசை. எண்பலகை இல்லை, மேல்வரிசை எஃப் விசைகள் இல்லை. அமெரிக்க மேற்கில் குதிரை செத்துப்போனால் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சேணத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்களாம். கம்ப்யூட்டர் குதிரை, கீபோர்டு சேணம் என்பது அவருடைய வாதம். மெஷின் மாறும், உடம்புக்குப் பழகியது மாறக்கூடாது. வாடாவின் சிந்தனை ஸ்பிரிங்கில் நிற்கவில்லை. கன்ட்ரோல் விசை எங்கே இருக்க வேண்டும், எது இல்லாமலே இருக்கலாம் என்பதில் இருந்தது. விசைக்கு மேலே இருக்கும் கலைக்கு அவர் வந்துவிட்டார்.

அந்தக் கலையின் ஆரம்பம் அவ்வளவு மெச்சும்படி இல்லை. இன்று உலகமே அடிக்கும் க்வெர்ட்டி வரிசை 1870-களில் மில்வாக்கி நகரத்து கிறிஸ்டபர் ஷோல்ஸின் பட்டறையில் உருவானது. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் எழுத்துகளைச் சிதறடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். இல்லை, தந்திச் செய்தியைக் கேட்டு அடித்த ஆபரேட்டர்களின் வசதிக்கேற்ப மாறி மாறி வந்த வரிசை அது என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வாதிட்டார்கள். எது சரியாக இருந்தாலும், ஆங்கிலத்தின் இயல்பைப் பார்த்து வகுத்த வரிசை இல்லை என்பது நடுவரிசையைப் பார்த்தாலே தெரியும். ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘இ’யும் ‘டி’யும் மேல்வரிசையில் இருக்கின்றன. ‘ஜே’ என்ற அபூர்வ எழுத்து வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வழி கண்டவர். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். அடித்தாலும் வண்டி நகராத விசைகளை அவர் பயன்படுத்திக்கொண்டார். குறி விழும், காகிதம் அதே இடத்தில் நிற்கும், அடுத்து எழுத்து அதன் கீழே வந்து பொருந்தும். அந்த மரபில் பயின்றவர்கள் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பை அடித்துவிட்டுத்தான் ககரத்துக்குப் போவார்கள். கண் பார்க்கும் வரிசையைக் கை பின்பற்றும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ரெமிங்டனிலும் ஹால்டாவிலும் லோயர், ஹையர் முடித்த ஒரு தலைமுறையே அதில் மின்னல் வேகம் காட்டியது. நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுப்பவர்களின் கையைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும்.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த நிர்ப்பந்தம் போயிற்று. குறியை எங்கே ஒட்டுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கை இனி காதின் வரிசையைப் பின்பற்றலாம்: முதலில் மெய், பிறகு உயிர். ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசையமைப்பு என்று சந்தைக்கடையாக இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று தமிழ்க் கணிமையைத் தூக்கி நிறுத்தியவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். 1997-இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, அதே ஆண்டில் தமிழக அரசு ஒரு விசையமைப்பைத் தரமாக ஏற்றது. அதுதான் தமிழ்99.

இதன் அழகைச் சொல்ல ஒரு கீபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து பன்னிரண்டும் இடது கைக்கு. மெய்களில் பதினாறு வலது கைக்கு. வகரமும் ஙகரமும் மட்டும் இடம் போதாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. புள்ளிக்கு ஒரு விசை. ஆக மொத்தம் 31 விசை. ஷிஃப்டைத் தொடாமலே 246 எழுத்தும் வந்துவிடும். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும்தான் ஷிஃப்ட். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது அல்லவா? அப்படியானால் பெரும்பாலான உயிர்மெய்கள் வலது கையில் தொடங்கி இடது கையில் முடியும். வலது, இடது, வலது, இடது. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்தால் ஒரு கை அடிக்கும்போதே மறு கை அடுத்த விசைக்கு மேலே போய் நின்றுகொள்ளும். ஆங்கிலத்தில் இந்த ஓட்டத்தைப் பெற வேண்டும் என்றுதான் ஆகஸ்ட் டிவோராக் 1930-களில் உயிரெழுத்துகளை ஒரு பக்கமாகத் திரட்டினார். உலகம் அவரைக் கேட்கவில்லை. தமிழுக்கு அது இலக்கண அமைப்பிலேயே கிடைத்துவிட்டது.

இடது கையை இன்னும் உற்றுப் பாருங்கள். அ, இ, உ மூன்றும் நடுவரிசையில். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. நடுவரிசையில் எ, அதற்கு மேலே ஏ. குறில் வீட்டில் இருக்கிறது, நெடில் மாடியில் இருக்கிறது. எந்தக் கீபோர்டிலும் எஃப், ஜே விசைகளில் விரல் தடவி இடம் தெரிந்துகொள்ள ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். தமிழ்99-இல் எஃப் விசை எதற்குத் தெரியுமா? புள்ளிக்கு!

வலது கைதான் உச்சம். தமிழில் மெல்லினம் தன் இன வல்லினத்துக்கு முன்னால் வந்து நிற்கும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இந்த ஆறு ஜோடியில் ஐந்தைப் பக்கத்துப் பக்கத்து விசையிலேயே வைத்துவிட்டார்கள். ‘ந்த’ என்றால் சுண்டுவிரல், அடுத்து மோதிரவிரல். ‘ம்ப’ என்றால் நடுவிரல், அடுத்து ஆள்காட்டி விரல். ‘ண்ட’, ‘ன்ற’ இரண்டும் மேல்வரிசையில் இதே போக்கு. மேசையில் விரலால் தாளம் போட்டுப் பாருங்கள். சுண்டுவிரலிலிருந்து உள்நோக்கி உருள்வதுதான் கைக்கு இயல்பு. இந்த நான்கு ஜோடியும் அப்படியே உருள்கின்றன. இதோடு விடவில்லை. நகரத்தை அடுத்துத் தகரம் அடித்தால் நடுவில் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும் அப்படித்தான். ‘பந்து’ நான்கு தட்டு. ‘கன்று’ நான்கு. ‘அம்மா’வும் நான்கே. தொல்காப்பியத்திலிருந்து வரும் மெய்ம்மயக்க இலக்கணம் ஒரு நிரலின் உள்ளே விதியாக உட்கார்ந்து, புள்ளி வைக்கிற உழைப்பில் பெரும்பகுதியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லை, ஊகமும் இல்லை. வெறும் ஆறு ஜோடி, ஓர் இரட்டிப்பு விதி.

விதி இருந்தால் விலக்கு இருக்கும். ‘மமதை’ அடிக்கப் போனால் அது ‘ம்மதை’ ஆகிவிடும். அதற்கும் வழி உண்டு: முதல் மகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டிவிட்டால் புள்ளி வராது. பப்பாளி எழுதும்போதும் இந்த அகரம் தேவை. மமதையும் பப்பாளியும் அன்றாடம் எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் பேரம் லாபமே.

இவ்வளவு இருந்தும் ஜெயித்தது இது இல்லை. இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று வந்த இலவச மென்பொருள்கள் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் கொடுத்தன. கற்றுக்கொள்ளும் சிரமம் இல்லாததால் ஊரே அந்தப் பக்கம் போயிற்று. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் தமிழ்99 சேர்ந்தே வருகிறது. தேடிப் போய்த் திறப்பவர்கள்தான் இல்லை. ஒலிபெயர்ப்பு முறையை நான் இகழ மாட்டேன். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் தமிழில் எழுதவே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ழகரம் எழுத ஒவ்வொரு முறையும் மனசுக்குள் இரண்டு ஆங்கில எழுத்தைக் கூப்பிட வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வவில்லை. போனில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டுகிறவருக்கு நான் சொன்ன வலது–இடது இன்பம் எதுவும் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே சொல்லை முன்கூட்டிக் காட்டும் மென்பொருளுக்குத்தான் மரியாதை.

தமிழ்99-க்கும் ஓட்டைகள் உண்டு. ஙகரம் ககரத்தை விட்டுப் பிரிந்து இடது கைக்குப் போனது ஒன்று. வலது சுண்டுவிரலுக்கு ந, ய, ண, ச, ஞ, ழ என்று ஆறு எழுத்தைச் சுமத்தியது இன்னொன்று. அரைப்புள்ளி விசையில் நகரம் உட்கார்ந்திருப்பதால், அரைப்புள்ளி வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டும். என்னைப் போன்ற சோம்பேறிகள் அதற்குப் பதில் வாக்கியத்தையே முடித்துவிடுகிறோம்.

சரி, தமிழ்99-இல் எழுதப் பழகியவர் எந்தச் சுவிட்சை வாங்கலாம்? எங்கள் கூட்டத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. தமிழில் க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப என்று இரட்டிப்பு கொட்டிக் கிடக்கிறது. இந்த முறையில் ஒவ்வொன்றும் ஒரே விசையில் அடுத்தடுத்து இரண்டு தட்டு. நீலச் சுவிட்சில் எழுத்து பதிவாகும் இடம் ஒன்று, அடுத்த தட்டுக்குத் தயாராகும் இடம் அதைவிட நன்றாக மேலே. விரலை அவ்வளவு தூரம் தூக்காவிட்டால் இரண்டாவது ககரம் விழாது. ‘பக்கம்’ ‘பகம்’ ஆகிவிடும். மாடல் எம்மிலும் கொஞ்சம் இந்தக் குணம் உண்டு. சிவப்பில் இரண்டு இடமும் ஏறக்குறைய ஒன்றே, விரலைச் சற்றுத் தளர்த்தினாலே போதும். ஆகவே மாடல் எம் என் அலமாரியில் ஆங்கிலத்துக்காக இருக்கட்டும். தமிழுக்கு 45 கிராம் அழுத்தத்தில் பதியும் சிவப்பு.